ஃப்ளோரன்ஸில் ஒரு நாள்: காலையில் குவிமாடம், மாலையில் நகைக்கடை

கிணத்துக்கடவான்

ரோமிலிருந்து ஒரே நாளில் ஃப்ளோரன்ஸ் போய்த் திரும்பலாமா என்று இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். போய்வந்தாயிற்று. பார்த்ததையும் பட்டதையும் எழுதிவிடுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு ஆகும்.

விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஏறும்போதே எங்களுக்குள் ஒப்பந்தம்: மதியம் வரை என் இஷ்டம், அதற்கு மேல் வீட்டம்மா இஷ்டம். என் இஷ்டம், துவோமோ என்கிற பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறுவது. அவள் இஷ்டம் போன்டே வெக்கியோ. ஆற்றுப் பாலம் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக நகைக்கடை. பாலத்தின் மேல் நகைக்கடை வைக்க எவனுக்குத் தோன்றியதோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்...

குவிமாடத்துக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும், மாற்ற முடியாது. 30 யூரோ. மணிக்கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து மூன்று நாள் செல்லும் சீட்டு. எங்களைப் போல ஒரு நாள் ஆசாமிக்குப் பாதி வீண்தான். 463 படி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு சில இடங்களில் ஒரு ஆள் மட்டும் போகிற அகலம். எதிரே ஆள் வந்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முட்டிவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள், அடைந்த இடத்தில் பயம் வருகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதி உயரத்தில் உட்புறமாக ஒரு நடைபாதைக்கு வந்து சேர்வோம். தலைக்கு மேலே குவிமாடத்தின் உள்முகம் முழுக்க இறுதித் தீர்ப்பு ஓவியம். வசாரி தொடங்கி 1579-இல் சுக்காரி முடித்தது. கீழிருந்து பார்த்தால் தெரியாத பேய்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பல்லைக் காட்டுகின்றன. அதற்கு மேல்தான் விசேஷம். குவிமாடம் ஒற்றை ஓடு இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. நாம் ஏறுவது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில். போகப் போகச் சுவர் நம் பக்கம் சாய்கிறது. கடைசியில் உள் ஓட்டின் முதுகு மேலேயே படி.

செங்கல்லை மீன்முள் போல மாற்றி மாற்றிச் செருகியிருக்கிறார்கள். 40 லட்சத்துக்கு மேல் செங்கல் என்கிறார்கள். ஆலயத்துக்கு 1296-இல் அடிக்கல் போட்டுவிட்டு, குவிமாடம் வரவேண்டிய இடத்தில் வானம் தெரிய விட்டுவைத்திருந்தார்கள். அவ்வளவு அகலத்துக்குச் சாரம் கட்டித் தாங்க மரத்துக்கு எங்கே போவது? 1420-இல் புருனெலெஸ்கி என்பவர் வந்து கீழிருந்து தாங்கும் சாரமே இல்லாமல் எழுப்பி 1436-இல் மூடினார். எங்கள் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடும். வட்டம் முழுசாக மூடிவிட்டால் அந்த உறை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். இங்கே வட்டங்கள் கீழே போகாமல் மேலே போயிருக்கின்றன.

உச்சியில் அரை மணி நேரம் நின்றோம். நகரம் முழுக்க ஒரே நிறத்து ஓட்டுக் கூரை.

இறங்கியதும் கால் நடுங்கியது. அங்கேயே ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தோம். அங்குதான் முதல் அடி. கவுன்டரில் நின்று குடித்தால் சுமாராக ஒன்றரை யூரோ ஆகிற காபிக்கு, உட்கார்ந்ததற்காக நான்கு மடங்கு. விலைப்பட்டியல் சுவரில் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. திட்டவும் வழியில்லை.

மாலைக் கதை நீளம். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

தயிர்சாதம்

சாப்பாடு பற்றியும் எழுதுங்கள். போன தடவை இத்தாலி போய் எட்டு நாளும் பீட்சா தின்று எனக்கு மரத்துப்போனது.

பொலோஞ்ஞா பொடியன்

வணக்கம் அண்ணை. நான் பொலோஞ்ஞாவில் இருக்கிறேன், அங்கிருந்து வேக ரயிலில் 40 நிமிசத்துக்குள் ஃப்ளோரன்ஸ். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்குத்தான். எத்தனை தரம் அந்தப் படி ஏறினேன் என்று எனக்கே கணக்கில்லை.

காபிக் கதை எல்லோருக்கும் நடக்கிறதுதான். இன்னொன்று கடைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு. ஃப்ளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு வரிசை இலக்கம் ஓடும். வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம், கடைகளுக்குச் சிவப்பு. விலாசத்தில் இலக்கத்துக்குப் பக்கத்தில் 'ஆர்' (r) என்ற எழுத்து இருந்தால் சிவப்பு இலக்கம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். 35 சிவப்பும் 35 நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இராது, சில நேரம் நூறு மீட்டர் தள்ளி இருக்கும்.

கிணத்துக்கடவான்

தம்பி, இதை நீங்கள் இரண்டு மாதம் முன்பு சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு காகிதக் கடையைத் தேடி, யாரோ ஒருவர் வீட்டு மணியை அடித்துவிட்டோம். மேல் ஜன்னலைத் திறந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார். வீட்டம்மா கைகூப்பி வணக்கம் வைத்தாள். பாட்டியும் கையை ஆட்டிவிட்டு, தெருவின் அந்தக் கோடியைக் காட்டினார். தினமும் நாலு பேராவது மணி அடிப்பார்கள் போல.

சரி, மதியம். சான் லொரென்சோ பக்கம் மெர்காத்தோ சென்ட்ராலே, 1874-இல் கட்டிய இரும்பு, கண்ணாடிச் சந்தைக் கட்டடம். கீழே காய்கறி, இறைச்சி, பாலாடைக்கட்டி. மாடியில் சாப்பாட்டுக் கடைகள். நான் லாம்பிரெதோத்தோ சாப்பிட்டேன். மாட்டின் நான்காவது இரைப்பையை வேகவைத்து, நறுக்கி, பச்சைச் சாறு ஊற்றி ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். குடல் கறி சாப்பிட்டு வளர்ந்தவனுக்குப் பழக வேண்டிய அவசியமே இல்லை, காரம் மட்டும்தான் போதாது. வீட்டம்மாவுக்கு அன்று விரதம். ரிபொல்லீத்தா என்று ஒரு சூப், வெள்ளை மொச்சை மாதிரி பயறு, கருங்கீரை, பழைய ரொட்டி எல்லாம் போட்டுக் கெட்டியாக. அந்தப் பெயருக்கு 'மறுபடி கொதிக்கவைத்தது' என்று அர்த்தமாம். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு "இது நம்ம சுண்டக்குழம்பு" என்றாள். தயிர்சாதம், உங்களுக்கு இதுதான். கறிச்சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் ரொட்டியில் உப்பே போடுவதில்லை. முதல் கடி கடித்ததும் மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன்.

சந்தைக்கு வெளியே தெருவெல்லாம் தோல் பை, பெல்ட், ஜாக்கெட். அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரர் என் கையில் பெல்ட்டைக் கொடுத்து, லைட்டரைக் கொளுத்தி அதன்மேல் காட்டி, "பார், எரியவில்லை, அசல் தோல்" என்றார். 25 யூரோ சொல்லி 15-க்குத் தந்தார். ரோம் திரும்பி மூன்றாம் நாளே மேல் தோல் காகிதம் போல உரிந்தது.

பாலாற்றங்கரை

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாகத் தோல் தொழில். அந்த லைட்டர் வித்தையை இன்னுமா காட்டுகிறார்கள்!

நெருப்பு காட்டுவதால் ஒன்றும் தெரியாது. மேலே பூசிய ரசாயனப் பூச்சு ஒரு நொடி தாங்கும், அவ்வளவுதான். அடுத்த முறை இப்படிப் பாருங்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கு அடுக்காகவோ, துணி ஒட்டியதாகவோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஓரத்தில் தடிமனாக வர்ணம் பூசி மூடியிருந்தால் அதுவும் சந்தேகம்தான். விரலால் அழுத்தினால் நல்ல தோலில் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்து மறையும். மேல் துவாரங்கள் ஒரே அச்சாக இருக்கக் கூடாது, மாடு என்ன அச்சில் வார்த்ததா? 'வேரா பெல்லே' என்று முத்திரை இருந்தால் அசல் தோல் என்று பொருள். ஆனால் முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம்.

இன்னொன்று சொல்கிறேன், பெருமைக்காகத்தான். ஃப்ளோரன்ஸிலிருந்து ஆர்னோ ஆற்றோடு இறங்கினால் சாந்தா குரோச்சே சுல்லார்னோ என்று ஒரு ஊர், தோல் பதனிட்டே பிழைக்கிற ஊர். அங்கே தாவரப் பதனீட்டுக்குச் செஸ்ட்நட் மரம், மிமோசா, கெப்ராச்சோ இவற்றின் சாறு. நம்மிடம் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை. குரோமிய உப்பில் பதனிடுவது வருவதற்கு முன்பு எங்கள் பகுதித் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறித்தான் கப்பல் ஏறியது. ஆவாரையில் பதனிட்ட தோல் கையில் எடுத்தாலே வாசம் தெரியும்.

கிணத்துக்கடவான்

ஐயா, உங்களைக் கூடவே அழைத்துப் போயிருக்க வேண்டும்.

அந்த வாசம் எனக்குத் தெரியும், சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் பின்னால் பிடித்தேன். (இது நகரத்துக்குள் இருக்கும் தேவாலயம். மிக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி மூவரும் இதற்குள்தான் அடக்கம்.) பின்புறம் ஸ்குவோலா தெல் குவோயோ, தோல் பள்ளிக்கூடம். போரில் அனாதையான பிள்ளைகள் ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று 1950-இல் பிரான்சிஸ்கன் துறவிகளும் தோல் தொழில் செய்த இரண்டு குடும்பங்களும் சேர்ந்து தொடங்கியது. துறவிகள் தங்கியிருந்த பழைய கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து தைக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பெண்மணி தோல் உறையில் தங்கத் தகட்டை வைத்துச் சூடான கருவியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கை ஆடவே இல்லை. விலை தெருவைவிடப் பல மடங்கு. ஒரு பணப்பை மட்டும் வாங்கினேன்.

மணி நாலு. அங்கிருந்து பாலத்துக்கு நடந்தோம். போன்டே வெக்கியோவில் ஒரு மணி நேரம் என்று பேச்சு, மூன்று மணி நேரம் போனது. மலை மேலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கப் பியாத்சாலே மிக்கேலாஞ்சலோ போவதாக இருந்தோம், அது போச்சு. ரயிலைக் கடைசி நிமிடத்தில் ஓடிப் பிடித்தோம். வாங்கியது என்னவோ ஒரு ஜோடிக் கம்மல். 3.1 கிராம். அதுவும் 18 காரட். தங்கத்தின் எடைக்கு உண்டான விலையைப் போல இரண்டரை மடங்கு கொடுத்தோம். ஊரில் அந்தப் பணத்துக்கு... வேண்டாம், எழுதினால் வயிறு எரிகிறது.

சுவரோவியம்

மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். ஃப்ளோரன்ஸ் வரை போய் உஃபிசி ஓவியக்கூடத்துக்குள் நுழையவில்லை. பொத்திச்செல்லியின் வீனஸ் ஓவியத்தைப் பார்க்கவில்லை. அக்கதேமியா அருங்காட்சியகத்தில் 5 மீட்டருக்கு மேல் உயரமாக நிற்கிற தாவீது சிலையையும் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் நகைக்கடை. உலகத்தில் எங்கே போனாலும் நம் ஆட்கள் தி.நகரைத்தான் தேடுகிறார்கள்.

பொலோஞ்ஞா பொடியன்

ஒரு நாளில் வந்தவரிடம் உஃபிசியையும் பார்த்திருக்க வேண்டும் என்றால் எப்படி? அதற்கே அரை நாள் வேணும். அவர் படி ஏறினதே பெரிய விசயம்.

உரைகல்

சுவரோவியம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நகைக்கடையையும் கலையையும் இரண்டு தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள். அந்த ஊரில் அப்படி நிறுக்க முடியாது என்பது என் எண்ணம்.

நான் நகைத்தொழில் குடும்பம், கோவை. அப்பா பட்டறை வைத்திருந்தார், நான் மதிப்பீட்டாளராக இருக்கிறேன். ஆறு வருடம் முன்பு ஒரு நகைக் கண்காட்சிக்காக இத்தாலி போனேன், ஃப்ளோரன்ஸில் மூன்று நாள் இருந்தேன்.

கிணத்துக்கடவான் குவிமாடம் கட்டினவர் பற்றி எழுதினார், ஒன்றை விட்டுவிட்டார். புருனெலெஸ்கி யார்? பத்தர். தங்க வேலைக்காரராகத் தொழில் பழகி, அந்தத் தொழிலுக்குரிய சங்கத்தில் பதிவுபெற்றவர். (அங்கே பொற்கொல்லர்கள் பட்டு வணிகர் சங்கத்தின் கீழ் வந்தார்கள்.) ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுக்கு 1401-இல் போட்டி வைத்தபோது அவரும் கிபெர்ட்டியும் ஆளுக்கொரு பலகை வார்த்துக் காட்டினார்கள். வென்றது கிபெர்ட்டி, அவரும் பொற்கொல்லர் வழிதான். அந்த இரண்டு பலகையும் இன்றைக்கும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். கிபெர்ட்டி ஏறக்குறைய முழுப் பலகையையும் ஒரே வார்ப்பாக எடுத்திருக்கிறார், புருனெலெஸ்கி துண்டு துண்டாக வார்த்துப் பலகையில் பொருத்தியிருக்கிறார். வெண்கலச் செலவு எதில் குறையும் என்பது ஒரு பட்டறைக்காரனுக்கு உடனே தெரியும்.

குவிமாடத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய உருண்டையை முதலில் 1471-இல் ஏற்றியது வெரோக்கியோவின் பட்டறை. அவரும் பொற்கொல்லராகத் தொடங்கியவர். இளைஞன் லியொனார்தோ தா வின்சி அப்போது அந்தப் பட்டறையில்தான் இருந்தார். பின்னால் மின்னல் தாக்கி உருண்டை கீழே விழுந்தது, விழுந்த இடத்தில் ஆலயத்தின் பின்புறத் தரையில் வெள்ளைச் சலவைக்கல் வட்டம் பதித்திருக்கிறார்கள். மேலே இருப்பது அதற்குப் பின் வைத்தது.

உங்கள் பொத்திச்செல்லியும் சின்ன வயதில் ஒரு தட்டாரிடம் வேலை பழகியதாகத்தான், ஓவியர்களின் வரலாறும் எழுதிய அந்த வசாரி எழுதிவைத்திருக்கிறார்.

சுவரோவியம்

கிபெர்ட்டி தெரியும், பொத்திச்செல்லி பற்றிப் படித்திருக்கிறேன். புருனெலெஸ்கி பொற்கொல்லர் என்பது நினைவில் இல்லை. சரி, அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். தி.நகர் வரியை மட்டும். உஃபிசி பார்க்காதது தப்புதான்.

தயிர்சாதம்

பாலத்தின் மேல் கடை வைக்க எவனுக்குத் தோன்றியது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பொலோஞ்ஞா பொடியன்

அதை நான் சொல்லுறன். பாலம் 1345-இல் கட்டினது, அதற்கு முன்பிருந்ததை 1333-இல் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. முதலில் அங்கே நகைக்கடை கிடையாது, இறைச்சிக்கடைகள்தான். கழிவை நேரே ஆற்றுக்குள் தள்ளிவிடலாம், வேறென்ன வசதி வேணும்? பிறகு ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பம், அரண்மனையிலிருந்து ஆற்றைக் கடந்து அலுவலகத்துக்குத் தெருவில் இறங்காமல் போய்வர, 1565-இல் வசாரியைக் கொண்டு ஒரு மேல்நடை கட்டினது. ஐந்தே மாதத்தில் முடித்தார்கள். அது பாலத்துக் கடைகளின் தலைக்கு மேலாலே போகும். கீழேயிருந்து நாற்றம் தாங்கமுடியவில்லை. 1593-இல் பெரும்பிரபு முதலாம் ஃபெர்தினாந்தோ இறைச்சிக்காரரை எழுப்பிவிட்டு, பொன் வேலைக்காரரை இருத்தினார். அந்தக் கட்டளைதான் இன்றுவரைக்கும் நடக்கிறது.

1944 ஆகஸ்டில் ஜெர்மன் படை பின்வாங்கேக்க ஆர்னோவின் மற்றப் பாலம் எல்லாவற்றையும் தகர்த்தது, இதை மட்டும் விட்டது. ஆனால் இரண்டு கரையிலும் பாலத்துக்குப் போகிற கட்டடங்களைக் குண்டு வைத்து இடித்துத் தெருவை அடைத்தது. அதனால்தான் பாலம் பழசாகவும் அதன் வாசல் புதுசாகவும் இருக்கும். 1966 நவம்பர் 4 வெள்ளத்துக்கு முந்தின இரவு, ஆறு ஏறுவதைக் கண்ட காவலாளி ஒருவர் கடைக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்து எழுப்பி, அவர்கள் ஓடிவந்து நகைகளை எடுத்துக்கொண்டு போன கதையை இன்றும் அங்கே சொல்லுவார்கள். ஊருக்குள் சுவர்களில் தலைக்கு மேலே சின்னக் கல் பலகை பதித்துக் கோடு போட்டிருப்பதைக் கண்டீர்களா? தண்ணீர் நின்ற உயரம்.

கிணத்துக்கடவான்

சாந்தா குரோச்சே பக்கம் பார்த்தோம். என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் நிற்கலாம்.

உரைகல் ஐயா, பத்தர் கட்டிய குவிமாடம் என்பது எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் ரயிலில் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். ஆனாலும் கேட்கிறேன்: 18 காரட் வாங்கியது நஷ்டமா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

உரைகல்

நேராகவே சொல்கிறேன். முதலீடாகப் பார்த்தால் நஷ்டம். இங்கே விற்கப் போனால் முக்கால் பங்கு தங்கத்துக்குத்தான் விலை கிடைக்கும். அவர்கள் வாங்கிய கூலியும் 22 சதவீத வரியும் காற்றோடு போகும். பழைய கணக்கில் சொக்கத் தங்கம் பத்தரை மாற்று. உங்கள் கம்மல் ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஊர்தான் 1252-இல் ஃப்ளோரின் என்று ஒரு காசு அடித்தது. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பர் (யோவான்). மூன்றரை கிராம், அரைப் பவுனுக்கும் குறைவு, ஆனால் சுத்தத் தங்கம். ஐரோப்பா முழுவதும் நம்பி வாங்கிய காசு. காசுக்குச் சொக்கத் தங்கம், நகைக்குக் கலப்பு. வேலைக்கு அதுதான் பொருந்தும்.

உங்கள் கம்மலில் ஊடுதுளை வேலை இருக்கிறதா? தேன்கூடு மாதிரி அறுத்தது? அதை அவர்கள் த்ராஃபோரோ என்பார்கள். மெல்லிய ரம்பத்தால் தகட்டை அறுத்து அறுத்து வலை ஆக்குவது. 22 காரட்டில் அவ்வளவு மெல்லிய கம்பியை விட்டால் காதில் போட்ட பத்தாம் நாள் நசுங்கும். 18-இல் நிற்கும். நம் ஊரில் எடைக்கு விலை சொல்லிப் பிறகு செய்கூலி, சேதாரம் என்று சேர்ப்போம். அங்கே உருப்படிக்கு விலை. எடை கேட்டால் தராசில் வைத்துக் காட்டுவார்கள், ஆனால் 'இதை ஏன் கேட்கிறாய்' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பின்புறம் பாருங்கள். சாய்சதுரத்துக்குள் 750 என்று இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஒரு எண், இரண்டு எழுத்து. எழுத்து எந்த மாவட்டம் என்று சொல்லும். ஃப்ளோரன்ஸ் என்றால் எஃப்.ஐ., அரெத்சோ என்றால் ஏ.ஆர். பாலத்தில் விற்பதெல்லாம் பாலத்தில் செய்தது இல்லை. அரெத்சோவில் பெரிய அளவில் உற்பத்தி நடக்கிறது. பாலத்துக்கு இரண்டு நிமிட நடையில் காசா தெல் ஓராஃபோ என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது, உள்ளே சின்னச் சின்ன அறைகளில் பட்டறைகள். நான் அங்கே ஒரு கிழவர் வேலை செய்வதை வாசலில் நின்றே பார்த்தேன். அவர் உட்காரும் மேசையில் அரைவட்டமாக வெட்டு, மடியில் தோல் ஏப்ரன், பொன்தூள் அதில் விழுகிறது. நம் பட்டறையில் தூளைக் கூட்டி அள்ளுவோம்.

கிணத்துக்கடவான்

இது நான் இல்லை, வீட்டம்மா எழுதுகிறேன். அவர் கணக்கிலேயே நுழைந்திருக்கிறேன். மூன்று நாளாக இந்த இழையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சில திருத்தங்கள்.

ஒன்று, பாலத்தில் நான் கடை பார்த்தது நாற்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் கடைக்காரரோடு கிராம் கணக்குப் போட்டது இவர்தான். அன்றைய தங்க விலையைப் போனில் எடுத்து, 0.75-ஆல் பெருக்கி, அந்த மனிதரிடம் காட்டி, "அப்படியானால் மீதி எதற்கு" என்று கேட்டார். அவர் பொறுமையாக உள்ளே போய் ஒரு ரம்பம் எடுத்துவந்து காட்டினார். இழை, தலைமுடி மாதிரி. அதற்கப்புறம் இவர் பேசவில்லை.

அப்புறம், 463 படியில் முந்நூறாவது படியிலேயே உட்கார்ந்துகொண்டு "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்றவர் யார் என்று கேளுங்கள். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன், விரத வயிற்றோடு. உச்சியில் அரை மணி நேரம் நின்றது காட்சிக்காக இல்லை, மூச்சு வாங்க.

சுவரோவியம் அண்ணா, உஃபிசி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். சீட்டு எடுக்கலாம் என்று நான் சொன்னேன், "படத்தை நெட்டிலேயே பார்க்கலாம்" என்றார்.

இவர் எழுதாமல் விட்டது ஒன்று. பணக்காரர் வீட்டுச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு மேலே சின்ன மாடம் மாதிரி ஒன்று, மேலே வளைவோடு. விளக்கு வைக்கிற மாடக்குழி என்று நினைத்தேன். மரக்கதவு போட்டிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்ததைப் பிறகு படித்தால், மது விற்கிற ஜன்னலாம். தங்கள் தோட்டத்து மதுவை வீட்டுக்குள்ளிருந்தே தெருவில் போகிறவனுக்கு அந்த ஓட்டை வழியாக விற்பார்கள். 1630-களில் கொள்ளைநோய் வந்தபோது ஆளை ஆள் தொடாமல் விற்க அது உதவியிருக்கிறது, கொரோனா சமயத்திலும் சிலதைத் திறந்தார்கள். நான் கிட்டத்தட்டக் கும்பிட்டுவிட்டேன்.

வெண்கலப் பன்றி ஒன்று இருக்கிறது, பாலத்துக்குப் பக்கத்துச் சந்தையில். மூக்கைத் தடவி, வாயில் காசு வைத்தால் அது வழுக்கிக் கீழே கம்பிக்குள் விழ வேண்டும். விழுந்தால் திரும்பவும் ஃப்ளோரன்ஸ் வருவோமாம். அசலைப் பியெத்ரோ தாக்கா என்பவர் செய்தார், அது அருங்காட்சியகத்தில், இது நகல். உடம்பெல்லாம் கருப்பு, மூக்கு மட்டும் தடவித் தடவித் தங்கம் போல மின்னுகிறது. என் காசு விழுந்தது. இவர் காசு இரண்டு தடவை வெளியே போனது.

தயிர்சாதம்

அண்ணி, இந்த இழையை இனி நீங்களே நடத்துங்கள்.

கிணத்துக்கடவான்

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.

முந்நூறாவது படி இல்லை, முந்நூற்றைம்பது தாண்டியிருக்கும். மற்றதெல்லாம் உண்மை.

வரி திரும்பப் பெறுவது பற்றித் தனிமடலில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே கடையில் ஒரே நாளில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் கேட்கலாம், முன்பு இந்த வரம்பு 154 யூரோ சொச்சம். 2024-இல் குறைத்தார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். 22 சதவீதமும் வராது. வரி சேர்ந்த விலையில் பார்த்தால் அது 18 சதவீதம்தான், அதிலும் இடையில் இருக்கிற நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். கைப்பையில் கொண்டுபோகிற பொருளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கடைசியாகப் புறப்படுகிற விமான நிலையத்தில் சுங்க அனுமதி வாங்க வேண்டும். வரிசை நீளம், முன்கூட்டியே போங்கள்.

உரைகல்

இந்தியப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. பத்து நாள் சுற்றுலா போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கத்தில் கேட்டுவிடுவது நல்லது. போகும்போது காதிலும் கழுத்திலும் நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'இது எங்கே வாங்கியது' என்ற கேள்வியே வராது.

அம்மணி, ஒரு கேள்வி. அந்தக் கம்மலுக்குப் பின்னால் திருகாணியா, அழுத்துகிற பூட்டா?

கிணத்துக்கடவான்

வீட்டம்மாதான். கடவுச்சொல் எங்கள் கல்யாண நாள், வேறென்ன வைப்பார்.

அழுத்துகிற பூட்டுதான் ஐயா. ஒரு தடவை தலை துவட்டும்போது கழன்று விழுந்துவிட்டது, நல்லவேளை துண்டிலேயே சிக்கியிருந்தது. திருகாணி வைத்துக்கொள்ளலாமா?

உரைகல்

வைக்கலாம். ஆனால் பத்தரிடம் கொடுக்கும்போதே 18 காரட் என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற பற்றுப்பொடி வைத்துத்தான் ஊதிப் பற்றவைக்க வேண்டும். 22 என்று நினைத்துச் சூடு கொடுத்தால் அந்த வலைவேலை உருகி மூடிக்கொள்ளும். முடிந்தால் காதில் நுழைகிற தண்டுப் பகுதியை மட்டும் தனியே எடுத்து வேலை செய்யச் சொல்லுங்கள்.

கிணத்துக்கடவான்

மறுபடி வீட்டம்மாதான். பொள்ளாச்சியில் எங்கள் மாமியார் காலத்துப் பத்தரிடம் கொடுத்தேன். சொன்ன மாதிரியே 18 என்று சொன்னேன். "தெரியுதுங்க, நிறத்திலேயே தெரியுது" என்றார். லென்ஸை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது மெஷின் இல்லைங்களே, கையால் அறுத்தது என்றார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். திருகாணி வேலை அரை மணி நேரம்தான், இன்றைக்கே தந்துவிடலாம், ஆனால் நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ராத்திரி உட்கார்ந்து அந்தத் தேன்கூட்டைக் காகிதத்தில் வரைந்துவைத்துக்கொள்ள வேண்டுமாம்.

கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இவர் ரசீது வாங்கினாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.